மூடி திறக்காத பெட்டி: டேவிட் பையோடு ஒரு சண்டை

போன வருஷம் மே மாதம் நான் செய்த பெட்டி நவம்பரில் திறக்க மறுத்துவிட்டது. ஒன்பது அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம், மூன்று அங்குல உயரம். நாலு மூலையும் டவ்டெயில் பொருத்து. மூடி, காடியில் நழுவித் திறக்கும் வகை. மகளின் வளையல், கிளிப், பொட்டு அட்டைகளுக்காகச் செய்தது. ஒரு மழைக்காலச் சனிக்கிழமை காலையில் "அப்பா, தொறக்க மாட்டேங்குது" என்று கொண்டுவந்து நீட்டினாள். ஸ்க்ரூடிரைவரை வைத்து மெல்ல நெம்பினேன். காடியின் உதடு பிளந்தது. மூடி இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தப் பதிவு அந்தப் பெட்டியைப் பற்றியது. அதைவிட, என்னை அந்தப் பெட்டியைச் செய்யவைத்த ஒரு புத்தகத்தைப் பற்றியது. டேவிட் பை என்ற ஆங்கிலேயர் 1968இல் எழுதிய 'தி நேச்சர் அண்ட் ஆர்ட் ஆஃப் வொர்க்மன்ஷிப்'. (பெட்டியைப் பற்றிப் பேச பை என்று ஒருவரா என்று சிரிக்க வேண்டாம், அது அவர் குடும்பப் பெயர்.) மரவேலை பழகுகிற எவரும் என்றைக்காவது இந்தப் புத்தகத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். நான் மூன்று முறை படித்தேன். முதல் முறை மயங்கிப் படித்தேன், இரண்டாம் முறை குறிப்பெடுத்துப் படித்தேன். பெட்டி திறக்காமல் போன பிறகு மூன்றாம் முறை படித்தபோதுதான் சண்டை வந்தது.

புத்தகம் சொல்வது

டேவிட் பை (1914–1993) கட்டடக்கலை படித்தவர், லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்தவர். வெறும் பேராசிரியர் இல்லை. கடைசலில் மூடி போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள் செய்தார், மரக்கிண்ணங்கள் குடைந்தார். கிண்ணத்தின் உள்பக்கம் வரிவரியாகப் பள்ளம் எடுப்பதற்கென்றே 'ஃப்ளூட்டிங் என்ஜின்' என்று ஒரு கருவியைத் தானே உருவாக்கிக்கொண்டார். கைவேலையைப் பற்றி எழுதியவர்களில் கையில் உளி பிடித்தவர்கள் குறைவு. அந்தக் குறைச்சலான கூட்டத்தில் இவர் ஒருவர்.

புத்தகத்தின் அடித்தளம் ஒரே ஒரு பிரிவினை. ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது அதன் முடிவு நன்றாக வருமா வராதா என்பது செய்பவரின் கணிப்பையும் கைத்திறனையும் கவனத்தையும் பொறுத்தே இருக்கிறதென்றால் அது 'ரிஸ்க்' உள்ள வேலை. கடைசி நொடிவரை கெட்டுப்போகலாம். வேலை தொடங்கும் முன்பே முடிவு இன்னதுதான் என்று தீர்மானமாகிவிட்டால் அது 'நிச்சய' வேலை. பேனாவால் எழுதுவது முதல் வகை, அச்சு இரண்டாம் வகை. தட்டச்சு இரண்டுக்கும் நடுவில்: எழுத்தின் வடிவம் கெடாது, ஆனால் விரல் வேறு எழுத்தில் விழலாம்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கொஞ்சநாள் அலைந்தேன். 'இடர்ப்பணி' என்றால் தீயணைப்புத் துறை ஞாபகம் வருகிறது. கடைசியில் வழி காட்டியது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஒரு பழைய தச்சாசாரிதான். வேலை கெட்டால் அவர் சொல்வது "கை தவறிடுச்சு" என்றுதான். ஆகவே என் வசதிக்கு 'தவறக்கூடிய வேலை', 'தவறாத வேலை' என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பிரிவினையின் அழகு, 'கையால் செய்தது', 'மிஷினில் செய்தது' என்ற பேச்சை அது ஒரே அடியில் ஓரங்கட்டிவிடுவதுதான். பல் மருத்துவர் கையில் இருப்பது மின்சாரத் துரப்பணம். அதற்காக அவர் செய்வது தவறாத வேலை ஆகிவிடுமா? வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். மறுபக்கம், மூலைமட்டமும் வழிகாட்டிக் கட்டையும் வைத்து அறுக்கும் தச்சர் வெறுங்கையோடுதான் இருக்கிறார், ஆனாலும் தவறும் வாய்ப்பைக் கணிசமாகக் குறைத்துவிட்டார். சுத்தமான தவறக்கூடிய வேலை என்பது அபூர்வம், எல்லாம் அளவில்தான் என்கிறார் பை. கிழக்குக் கடற்கரைச் சாலைக் கடைகளில் 'ஹேண்ட்மேட்' அட்டை தொங்கும் சீசம் மரப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம் நினைவுக்கு வரும். அந்த அட்டை எதையும் சொல்வதில்லை. சஹாரன்பூரில் யாரோ ஒருவர் அந்தப் பித்தளைக் கம்பியைப் பதிக்கையில் எந்த இடத்தில் தவற முடிந்தது என்று சொன்னால்தான் அது செய்தி.

இன்னொன்றும் நன்றாகச் சொல்கிறார். சொரசொரப்பாக, கோணலாக இருப்பதே உயிர்ப்பு, அதுதான் உழைப்பவனின் சுதந்திரம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் ரஸ்கின் கிளப்பிவிட்ட எண்ணத்தை அவர் ஒப்பவில்லை. கணக்காகச் செய்ய வேண்டியதைக் கணக்காகச் செய்வதும் கலைதான், விட்டுப்பிடிக்க வேண்டிய இடத்தில் விட்டுப்பிடிப்பதும் கலைதான். ஒரு பொருளை இருபதடியில் பார்த்தாலும் இரண்டடியில் பார்த்தாலும் கண்ணருகே வைத்துப் பார்த்தாலும் ஒவ்வொரு தூரத்திலும் கண்ணுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும், அதைத் தருவது வரைபடமில்லை, வேலைப்பாடு என்கிறார். இதைப் படித்த பிறகு நான் எந்தக் கதவையும் பழைய மாதிரி பார்ப்பதில்லை.

முடிவில் ஒரு தீர்வும் வைக்கிறார். தவறக்கூடிய வேலை இனி பிழைப்புக்காகச் செய்பவர்களிடம் அதிகம் தங்காது, உண்மையான அமெச்சூரிடம்தான் தங்கும், நீண்ட அனுபவத்தைவிட மனம் தோய்ந்து தொழிற்தரத்துக்குக் குறையாமல் செய்வதுதான் முக்கியம் என்கிறார். என்னைப் போன்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு பி.இ. படித்தவன், நாற்பது தாண்டியவன், வாரக்கடைசியில் உளி பிடிப்பவன். பண்பாட்டையே காப்பாற்றும் பொறுப்பு என் தலையில். அந்த வரியைக் கோடிட்டுவிட்டுத்தான் பெட்டி செய்யப் போனேன்.

ஒரகடத்தில் இருந்து படித்தால்

நான் இருப்பது வண்டலூர் – வாலாஜாபாத் சாலையோரம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான். ஸ்ரீபெரும்புதூரில் இருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் நடுவில் நெல் விளைந்த மண்ணில் இப்போது விளைவது கண்ணாடி, டயர், சீட், பம்பர். ஷிஃப்ட் பஸ் வரும் நேரத்தை வைத்தே மணி சொல்லலாம்.

என் பிழைப்பும் அதில்தான். அசெம்பிளி லைனில் போல்ட் முறுக்கும் கருவி எவ்வளவு விசை கொடுத்தது, எத்தனை டிகிரி திரும்பியது என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிறேன். எல்லைக்குள் இருந்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் வண்டி அடுத்த நிலையத்துக்கு நகராது. மனிதன் தவறவே முடியாதபடி செய்வதுதான் எனக்குச் சம்பளம். ஆக, வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர் கையில் இருந்து தவறும் வாய்ப்பைப் பிடுங்குகிறேன். மீதி இரண்டு நாள் அதே வாய்ப்பைக் காசு கொடுத்து வாங்கி என் ஷெட்டில் வைத்து அனுபவிக்கிறேன். புத்தகத்தை முதல் முறை படித்தபோது இது எனக்கு உறைக்கவில்லை.

டேவிட் பைக்கு நியாயம் செய்துவிட வேண்டும். தவறாத வேலையை அவர் இழிவாகப் பேசவில்லை. அதன் பின்னால் எப்போதும் ஒரு தவறக்கூடிய வேலை ஒளிந்திருக்கிறது, அச்சும் வார்ப்பும் கருவியும் முதலில் யாரோ ஒருவர் கையில் உருவாக வேண்டும் என்று தெளிவாகவே எழுதுகிறார். இதற்கு ஆதாரம் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்து டூல் ரூம் எதற்காவது போய்ப் பார்க்கலாம். தகடு அழுத்தும் டையின் இரண்டு பாதியும் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, ஒன்றில் நீல மை தடவி மூடித் திறப்பார்கள். மை ஒட்டிய மேட்டைக் கல்லால் தேய்ப்பார்கள். மறுபடி மை, மறுபடி மூடல். கூடத் தேய்த்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. லட்சக்கணக்கில் ஒரே மாதிரி வெளிவரும் கதவுத் தகடுகளுக்குப் பின்னால் ஒரு டை ஃபிட்டரின் கட்டைவிரல் ரேகை இருக்கிறது. அதை எந்த விளம்பரமும் 'ஹேண்ட்மேட்' என்று சொல்வதில்லை.

இதுவரை அவருடன் எனக்குச் சண்டையே இல்லை.

கள்ளிப்பலகைப் பெட்டி

பெட்டிக்கு மரம் வாங்கக் கடைக்குப் போகவில்லை. தோதகத்தியில் செய்ய ஆசைதான், ஆனால் ஈட்டி, தோதகத்தி, சீசம் எல்லாம் அடங்கிய டால்பெர்ஜியா இனம் முழுவதும் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வாங்கினாலும் என் கைத்திறனுக்கு அது பாவம். நம்ம ஊரில் இலவசத்துக்குப் பக்கத்து விலையில் கிடைப்பது பைன், அதாவது கள்ளிப்பலகை. வெளிநாட்டில் இருந்து உதிரிபாகம் சுமந்துவரும் பேலட்டும் பெட்டியும் வேலை முடிந்ததும் பழைய மரக்கடைக்கு வந்துவிடும். ஆணி பிடுங்கி இழைத்தால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் மரம்.

ஒவ்வொரு பேலட்டிலும் ஒரு முத்திரை எரித்திருப்பார்கள். கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, தயாரிப்பாளர் எண், கடைசியில் 'ஹெச்டி'. மரத்தின் நடு மையம்வரை 56 டிகிரி சூட்டில் தொடர்ந்து 30 நிமிடம் வைத்தது, வண்டு, புழு, முட்டை எதுவும் நாடு தாண்டாது என்று அர்த்தம். 'எம்பி' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை வீட்டுப் பொருளுக்கு எடுக்கக் கூடாது. தவறாத வேலைக்கு இதைவிடச் சுருக்கமான கையெழுத்து இருக்க முடியாது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கொரியாவில் இருந்து வந்த ஒரு பலகையின் முத்திரை மூடியின் நட்டநடுவில் வருகிற மாதிரி அறுத்தேன். சுற்றிலும் பளபளவென்று இழைத்து, முத்திரையை மட்டும் அழுக்கோடு விட்டேன். டவ்டெயில் மூலைகளில் பாலிஷ் போட்டு வெட்டுக்கோடு தெரியும்படி காட்டினேன். வாட்ஸாப் குழுவில் படம் போட்டதும் தீ எமோஜிகள் குவிந்தன.

இப்போது விமர்சகனாக அதைப் பார்க்கிறேன். டேவிட் பை சொன்ன தூரக் கணக்கில் பெட்டி தேறுகிறது. இருபதடியில் நல்ல வடிவம், இரண்டடியில் முத்திரை கண்ணைப் பிடிக்கிறது, அருகே போனால் மரத்தின் ரேகை. அலங்காரம் என்ற வகையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் கவனம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் தவறுகளிலேயே இருந்திருக்கிறது. மூலையில் இடுக்கு விழக் கூடாது, முத்திரை கோணக் கூடாது. மழை என்ற ஒன்று வரும் என்பது என் கணக்கிலேயே இல்லை.

தெருக்கோடி ஆசாரியிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமாத்தான் இருக்கு தம்பி. மூடில முத்திரை இருக்கு. ஆனா அது மூடியா இல்லையே, சுவராவுல்ல இருக்கு."

மூடி ஏன் மாட்டியது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மரம் நீளவாட்டில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாட்டில்தான் பெருத்துச் சுருங்கும். பைனில் ஈரப்பதம் ஒரு சதவீதம் ஏறினால் பலகையின் அகலம் சுமார் கால் சதவீதம் கூடும். மே வெயிலுக்கும் நவம்பர் மழைக்கும் நடுவில் நம்ம பக்கத்தில் மரத்தின் ஈரம் நாலைந்து சதவீதம் மாறுவது சாதாரணம். 115 மில்லிமீட்டர் மூடி அப்போது ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரியும். நான் விட்டிருந்த இடைவெளி அரை மில்லிமீட்டர். குறுக்குப் பக்கங்களோ நீளவாட்டு மரம், அவை விரியவே விரியாது. ஆக மூடி வளர்ந்தது, வாசல் வளரவில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு. போல்ட்டுக்கு டிகிரி எண்ணும் நான் இதைப் போடாமல் விட்டேன், ஏனென்றால் போட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

பாட்டியின் அஞ்சறைப் பெட்டி

ஆசாரியின் பேச்சு எனக்கு எங்கள் வீட்டுப் பரணை ஞாபகப்படுத்தியது. அம்மா ஸ்டீல் டப்பாவுக்கு மாறிய பிறகு பாட்டியின் மர அஞ்சறைப் பெட்டி அங்கேதான் கிடந்தது. இறக்கித் துடைத்தேன். இன்னும் வெந்தய வாசம்.

ஒரே பலாக்கட்டையில் குடைந்தது. மூட்டு இல்லை, ஒட்டு இல்லை. மேலே ஒரு தடித்த பலகை, ஒரு முனையில் ஒரே ஒரு இரும்பு முளை. மூடியைப் பக்கவாட்டில் தள்ளினால் முளையைச் சுற்றி விசிறி மாதிரி திரும்பும். கடுகு மட்டும் வேண்டுமென்றால் கடுகு அறை மட்டும் திறக்கும். தாளிக்கும்போது இன்னொரு கையில் கரண்டி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் செய்தது.

மழைக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கட்டைக்கும் மூடிக்கும் ரேகை ஒரே திசையில் ஓடுகிறது. பெருத்தால் இரண்டும் சேர்ந்து பெருக்கும், சுருங்கினால் சேர்ந்து சுருங்கும். மூடி எதற்குள்ளும் சிக்கவில்லை, மேலே படுத்திருக்கிறது. அறைகளின் உள்ளே உளித் தடம் அப்படியே தெரிகிறது, அங்கே உப்புத்தாள் போட்டு நேரத்தை வீணடிக்கவில்லை. மூடியும் விளிம்பும் உரசும் இடம் மட்டும் கண்ணாடி போல இழைத்திருக்கிறது. அலங்காரம் என்று பார்த்தால் மூடியின் நடுவில் எட்டிதழ்ப் பூ ஒன்று. அதுவும் நடுவில் கொஞ்சம் மேடாக இருக்கிறது. விரல் வைத்துத் தள்ள அதுதான் பிடி.

கணக்கு வேலை எங்கே, விட்டுப்பிடிக்கும் வேலை எங்கே என்று டேவிட் பை ஓர் அத்தியாயம் முழுக்க விளக்கியதை இந்தப் பெட்டி சத்தமில்லாமல் செய்துவிட்டது. அவர் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் இதே பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவரோடு எனக்குச் சண்டை.

இந்த வடிவம் எப்படி வந்திருக்கும்? காடி மூடி மாட்டிக்கொண்டால் அந்தக் காலத்து ஆசாரி வாசலில் பாட்டி போய் நின்றிருப்பாள். அவர் கூலி வாங்காமல் சரிசெய்து தந்திருக்க வேண்டும். பெயர் கெட்டால் அடுத்த வீட்டு வேலை வராது. ஒரு கட்டை பிளந்துபோனால் அது அவருக்கு ஒரு வார அரிசி. தவறினால் விலை கொடுக்க வேண்டியவர் யோசித்து யோசித்துத் தவறை மூலையில் தள்ளி வைத்த வடிவம் அது. திறமையைக் காட்டும் இடமே அதில் இல்லை. தவறும் இடத்தைக் குறைப்பதுதான் அதன் திறமை.

யாருடைய தவறு?

'தவறக்கூடிய வேலை' என்று டேவிட் பை சொல்லும்போது தவறுவது பொருள். கெட்டுப்போவது மரம், உலோகம், துணி. கேள்வி எப்போதும் பொருளின் முடிவைப் பற்றியே. கெட்டால் அதை யார் தாங்குவது என்பது அவருடைய பிரிவினைக்குள் வருவதில்லை. இங்கிலாந்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவருக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக உறுத்தியிருக்காது. இந்தச் சாலையில் நின்று படித்தால் அது மட்டும்தான் உறுத்துகிறது.

பக்கத்து வீட்டுப் பையன் ஐடிஐ ஃபிட்டர். கார் கம்பெனிக்குப் பாகம் செய்துதரும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் பவர் பிரஸ் ஓட்டினான். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும்படி பட்டன் இருக்கும், கை உள்ளே போனால் நிறுத்த ஒளித்திரை இருக்கும். "சென்சார் அடிக்கடி நிறுத்துது, கணக்கு குறையுதுன்னு பைபாஸ் போட்டுட்டாங்கண்ணா" என்றான். இடது ஆள்காட்டி விரலில் நுனிக்கணு இப்போது இல்லை.

புத்தகத்தின்படி அவன் செய்தது தவறாத வேலை. தகடு அன்றைக்கும் சரியான வடிவத்தில்தான் வந்திருக்கும். பொருளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. ஆபத்து முழுவதும் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. ஒரு பட்டியல் போட்டால், பொருள் தவறும் வேலை, பொருள் தவறாத வேலை என்று மேலே எழுதலாம். ஆள் தவறிப்போகும் வேலை என்று மூன்றாவதாக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். என் மென்பொருளும் தகட்டையும் போல்ட்டையும்தான் பார்க்கிறது. சிவப்பு விளக்கு விரலுக்கு எரிவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் என் ஷெட்டுக்கு வந்தான். பிளந்த பெட்டிக்குப் புதுப் பக்கம் அறுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"இது தப்பாப் போனா என்னண்ணா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. வேற பலகை எடுத்துக்கலாம்."

சிரித்தான். "ஒண்ணும் ஆகாதுன்னா அப்புறம் இது வேலையே இல்லண்ணா."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். உண்மையான அமெச்சூரிடம்தான் இந்தக் கலை தங்கும் என்ற வரிக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியாது. மனம் தோய்ந்துதான் நான் அறுக்கிறேன், தொழிற்தரத்தை எட்டத்தான் பார்க்கிறேன். ஆனால் தவறினால் எனக்கு நஷ்டம் ஒரு கள்ளிப்பலகை. தவறக் கூடாது என்ற நெருக்கடியில் பிறந்த அறிவு, தவறினால் பரவாயில்லை என்பவனிடம் பத்திரமாக இருக்குமா? என் மூடி நவம்பரில் அதற்குப் பதில் சொல்லிவிட்டது.

யார் தாங்குவது என்ற கேள்வியைக் கேட்டவர் நம்மவர்களில் இருக்கிறார். ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வந்த 'மீடீவல் சிங்களீஸ் ஆர்ட்' நூலில் கண்டி நாட்டுக் கைவினைஞர்கள் வேலைக்கு ஈடாக நிலம் வைத்திருந்ததை விரிவாக எழுதுகிறார். சோறு நிலத்தில் இருந்து வந்துவிடும், ஆகவே ஒரு பெட்டிக்கு எத்தனை நாள் என்று எண்ண வேண்டியதில்லை. நம் ஊர்களிலும் ஆசாரிக்கு மானியமும், அறுவடைக் களத்தில் அளந்துபோடும் நெல்லும் இருந்தன. தவறின் விலையை ஊர் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்ட ஏற்பாடு அது. டேவிட் பையிடம் இல்லாத பொருளாதாரம் குமாரசுவாமியிடம் இருக்கிறது.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் முடியாது. அந்த நெல்லோடு சாதியும் சேர்த்தே அளக்கப்பட்டது. தச்சன் மகன் தச்சன்தான், வேறு ஒருவன் உளியைத் தொட முடியாது, அவனும் உளியைக் கீழே வைக்க முடியாது. குமாரசுவாமிக்கு இது குறையாகப் படவில்லை, எனக்குப் படுகிறது. எந்தக் குலத்தில் பிறந்தாலும் ஆசைப்பட்டால் இழைப்புளி பிடிக்கலாம் என்பது அமெச்சூர் கொண்டுவந்த நல்ல காற்று. தெருக்கோடி ஆசாரியின் மகன் இன்று ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறார். "அவனாவது வெயில் படாம இருக்கட்டும்" என்பார் பெரியவர். அதில் வருத்தமும் உண்டு, நிம்மதியும் உண்டு. எது கூட என்று நான் கேட்டதில்லை.

ஆகவே டேவிட் பையின் புத்தகத்தைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணைத் திறக்கும் புத்தகம். கையா மிஷினா என்ற வெட்டிச் சண்டையில் இருந்து விடுவிக்கும். அதன் ஓரத்தில் 'யாருக்கு?' என்று ஒரு சொல்லை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள் என்பேன்.

இரண்டாவது பெட்டி

பிளந்த பெட்டியின் காடியை அறுத்து எறிந்தேன். புது மூடி பக்கங்களின் மேல் சும்மா படுக்கும், ஒரு முளையைச் சுற்றித் திரும்பும். பாட்டியின் பெட்டியில் இருந்து எடுத்த யோசனை. மழைக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டால் நீட்டிக்கொள்ளட்டும்.

முளைக்குத் துளை நேர்செங்குத்தாக விழ வேண்டும், இல்லாவிட்டால் மூடி ஒரு பக்கம் தூக்கும். கண் மட்டத்தில் வைத்து வெறுங்கையால் போடுகிறேன் என்று டிரில்லை எடுத்தேன். மனதுக்குள் டேவிட் பை நின்று பார்ப்பதாக ஒரு நினைப்பு. பையன் தடுத்தான்.

"எதுக்குண்ணா வீண் ரிஸ்க்?"

கிடந்த பேலட் துண்டுகள் இரண்டை எடுத்தான். மூலைமட்டம் வைத்து எல் வடிவத்தில் ஆணியடித்தான், நடுவில் வழித்துளை போட்டான். பத்து நிமிடத்தில் ஒரு ஜிக். அதைப் பெட்டியின் மூலையில் கவ்வவைத்து, விரல் நுனி இல்லாத கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப போடுங்க" என்றான்.

துளை நேராக விழுந்தது. இந்த வருஷ மழையில் மூடி திறக்கிறது. முத்திரை இருந்த பழைய பலகையை வேறெதற்கும் எடுக்கவில்லை, ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன்.